நியூரோஸ்டீராய்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். நியூரோஸ்டீராய்டு என்பது நரம்பு மண்டலத்திலேயே உண்டாகும் ஸ்டீராய்டு. அதைப் பற்றி நான் எழுதும் கட்டுரைக்குத் தமிழ்த் தலைப்பு தேடுகிறேன், நீங்கள் மடலில் சொன்னவற்றுக்கு இங்கே பதில்.

> "நரம்பு ஸ்டீராய்டு" என்று எழுதிவிட்டுப் போகலாமே. எல்லோருக்கும் புரியும். எதற்கு இத்தனை மடல்?

புரியும் ஐயா, என்ன புரியும் என்பதுதான் சிக்கல். 'மாட்டுப் பால்' மாட்டிலிருந்து வருவது. 'தலைவலி மாத்திரை' தலைவலிக்குப் போடுவது. நரம்பு ஸ்டீராய்டு இதில் எந்த வகை? வீட்டில் சொல்லிப் பார்த்தேன், "நரம்புத் தளர்ச்சிக்குப் போடுகிற ஊசியா?" என்று கேட்டார்கள். போதாக்குறைக்கு ஸ்டீராய்டு என்றாலே ஜிம்மும் ஊக்கமருந்துத் தடையும்தான் பலருக்கு நினைவு வருகிறது.

இந்தப் பெயர் பிறந்த கதையைப் பார்த்தால் எதை விட்டுவிடக் கூடாது என்று தெரியும். ஸ்டீராய்டு மூளையைத் தொடும் என்பது பழைய செய்தி. 1941இலேயே மான்ட்ரியாலில் ஹார்மோன் ஆய்வாளர் ஹான்ஸ் செலியே எலிகளுக்குப் புரொஜெஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனை அதிக அளவில் கொடுத்து, அவை மயங்கி விழுவதைப் பதிவு செய்துவிட்டார். ஆனால் ஸ்டீராய்டுகள் அட்ரினல் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி), சூலகம், விரை ஆகியவற்றில் சுரந்து இரத்தத்தோடு மூளைக்கு வருபவை என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1981இல் பிரான்சில் எத்தியேன்-எமில் பொலியூவின் குழு எலியின் மூளையில் டிஹெச்இஏ சல்ஃபேட் என்ற ஸ்டீராய்டை அளந்தது. அட்ரினலையும் விரையையும் அகற்றிப் பல நாள் கழித்துப் பார்த்தாலும் மூளையில் அந்தப் பொருள் குறையவில்லை. கடை மூடிய பிறகும் சரக்கு இருக்கிறது என்றால் வீட்டிலேயே யாரோ செய்கிறார்கள் என்றுதானே பொருள்? அதற்குப் பிறகு வைத்த பெயர்தான் நியூரோஸ்டீராய்டு. கருக்கலைப்பு மருந்தான மிஃபெப்ரிஸ்டோனோடு சேர்த்துப் பேசப்படும் பொலியூ இவரேதான்.

ஆகவே 'அங்கேயே உண்டாவது' என்ற பொருள் தமிழ்ச்சொல்லில் இருந்தாக வேண்டும். மற்றதை விட்டுக்கொடுக்க நான் தயார்.

> நரம்பியக்குநீர்?

ஹார்மோனுக்கு இயக்குநீர் என்பது எனக்கும் பிடித்த சொல். ஆனால் அருகிலேயே நரம்பியக்கடத்தி (நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் பொருள்) உட்கார்ந்திருக்கிறது, படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். ஆக்சிடோசினும் மூளையில் உண்டாகும் ஹார்மோன்தான், ஆனால் அது ஸ்டீராய்டு இல்லை. இந்தச் சொல்லை அந்த வகைக்கு வைத்துக்கொள்வோம். இலங்கை நண்பர் சொன்ன 'நரம்போமோன்' காதுக்கு இனிமைதான் (ஹார்மோனை அங்கே பள்ளியிலிருந்தே ஓமோன் என்று படிக்கிறார்கள்), அதற்கும் இதே பதில்.

> ஸ்டீராய்டையே தமிழாக்கலாம். நான்கு கரிம வளையம் ஒட்டிய அமைப்பு. "நால்வளையம்".

அழகு. ஆனால் டெட்ராசைக்ளின் மாத்திரைக்கும் நான்கு வளையம்தான், அந்தப் பெயரின் பொருளே அதுதான். ஸ்டீராய்டு அப்படியே இருக்கட்டும்.

'மூளை ஸ்டீராய்டு' என்றவர்களுக்கு: கை கால்களுக்குப் போகும் நரம்புகளைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களும் புரொஜெஸ்டிரோன் செய்கின்றன, நரம்பைப் போர்த்தும் மையலின் உறை உருவாக அது உதவுகிறது. மூளைக்குள்ளும் செய்பவை நரம்பணுக்கள் மட்டுமில்லை, துணைச் செல்களும் கொலஸ்டிராலை எடுத்து மைட்டோகாண்டிரியாவில் வெட்டி பிரெக்னெனலோன் என்ற ஸ்டீராய்டு ஆக்குகின்றன. எனவே மூளை, நரம்பணு இரண்டுமே குறுகிப்போகும். நரம்பு மண்டலத்தை மனத்தில் வைத்து 'நரம்பு' என்று நிறுத்துவதே சரி.

என் முன்மொழிவு: நரம்பூறு ஸ்டீராய்டு. கிணற்றில் நீர் ஊறுவது போல அங்கேயே ஊறுவது. வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது.

---

வணக்கம். 'ஊறு' என்றால் கேடு. "உடல்நலத்துக்கு ஊறு விளைவிக்கும்" என்று எத்தனை இடத்தில் படிக்கிறோம்! நரம்பைக் கெடுக்கும் ஸ்டீராய்டு என்று எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு என்றால் பயம், இதில் ஊறு வேறா?

---

அடடா. வள்ளுவர் "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று தொடு உணர்வுக்கும் அதே சொல்லை வைத்திருக்கிறார், ஆக மூன்று பொருள். சரி, 'ஊற்று' ஆக்கிவிடலாம்: நரம்பூற்று ஸ்டீராய்டு. ஊற்றில் கேடு இல்லை.

---

தம்பி, மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் ஒரு கேள்வி. அலோபிரெக்னனலோன் என்ற ஸ்டீராய்டை எங்கே வைப்பாய்? மூளையே புரொஜெஸ்டிரோனிலிருந்து அதைச் செய்துகொள்கிறது. காபா என்பது மூளையைத் தணிக்கும் நரம்பியக்கடத்தி; இது அந்தக் காபா வந்து ஒட்டும் காபா-ஏ ஏற்பியில் தானும் ஒட்டி, காபாவின் தணிக்கும் வேலையை வலுப்படுத்துகிறது. கர்ப்பக் காலத்தில் இரத்தத்திலும் அதன் அளவு ஏறுகிறது, அப்போதைய புரொஜெஸ்டிரோன் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. பிரசவம் ஆனதும் சட்டென்று விழுகிறது. சில தாய்மாருக்கு அந்த வீழ்ச்சிக்கு மூளை ஈடுகொடுக்க முடியாததும் மனச்சோர்வுக்கு ஒரு காரணமாகலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் பிரெக்சனலோன் என்ற பெயரில் இதே பொருளுக்கு, அந்த மனச்சோர்வுக்கான மருந்தாக, அனுமதி கொடுத்தார்கள், 60 மணி நேரம் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரியை அத்தனை நேரம் படுக்க வைப்பதை நினைத்துப் பார். 2023இல் அதன் உறவுக்காரப் பொருளான சுரானலோன் மாத்திரையாக வந்தது, 14 நாள் போட்டால் போதும். தொழிற்சாலையில் செய்த இதையும் 'நரம்பூற்று' என்பாயா?

இன்னொன்று. உடல்நலப் பகுதியில் அளந்து எழுது. தலைக்காயத்துக்குப் புரொஜெஸ்டிரோன் பெரிதாக உதவும் என்று விலங்குச் சோதனைகள் காட்டின, 2014இல் வெளிவந்த இரண்டு பெரிய மனித ஆய்வுகளில் பலன் எதுவும் தெரியவில்லை. அதையும் சேர்.

---

அக்கா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இதற்கு ஆய்வாளர்களே இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள், நாம்தான் ஒன்றிலேயே அடைக்கப் பார்த்தோம். நரம்பு மண்டலத்திலேயே பிறப்பது ஒரு வகை, அதுதான் நியூரோஸ்டீராய்டு. எங்கே பிறந்தாலும் நரம்பின்மேல் வேலை செய்வது இன்னொரு வகை. அதற்கு நரம்பாற்று ஸ்டீராய்டு என்று வைக்கப் பார்த்தேன், 'நரம்பு ஆற்றும்' என்றும் படிக்க முடியும் என்பதால் விட்டுவிட்டேன். நரம்பில் வினையாற்றும் ஸ்டீராய்டு என்று நீட்டியே எழுதுகிறேன். மூளை தானே செய்த அலோபிரெக்னனலோன் நரம்பூற்றும்கூட, வினையாற்றுவதும்கூட. சொட்டில் ஏறுவது வினையாற்றுவது மட்டும். மூலக்கூறு ஒன்றுதான், பெயர் பிறந்த இடத்தைப் பொறுத்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்தால் குழாய்த் தண்ணீர் என்கிறோமே, அப்படி.

கட்டுரைத் தலைப்பை 'நரம்பூற்று ஸ்டீராய்டு' என்று மாற்றிவிட்டேன். முதல் வரியில் நியூரோஸ்டீராய்டும் இருக்கும், தேடி வருகிறவர் அதைத்தான் தட்டுவார். 2014 ஆய்வுகளையும் சேர்த்தாயிற்று. 'ஏற்பி' என்று எழுதிய இடத்தில் இலங்கையில் 'வாங்கி' என்பார்கள் அல்லவா, அதை எப்படிக் காட்டலாம் என்று நண்பர் சொன்னால் இன்றிரவே திருத்திவிடுகிறேன்.