பேஜ்மேக்கரில் உள்ள 480 பக்கக் கோயில் மலர்: யூனிகோடா, டேஸ்16ஆ, பழைய எழுத்துருவிலேயே விடலாமா?

கோபி_டிடிபி

வணக்கமுங்க. ஒரு கோயில் வரலாற்று மலர், 480 பக்கம், பேஜ்மேக்கர் 7-ங்கற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்ல இருக்குது. உள்பக்கங்கள் பாமினி வகை எழுத்துரு. தலைப்புகளுக்கு வேறொரு கடையில வாங்கின அலங்கார எழுத்துரு. பின்னால ஊர்வாரியா நன்கொடையாளர் பட்டியல், சுமார் 2,000 பேர், அது மட்டும் டேப் எழுத்துருவில. நடுநடுவே ஆங்கிலம், டைம்ஸ் ரோமன்.

இரண்டாம் பதிப்பு ஆஃப்செட்டுக்கும் போகணும், மின்னூலாவும் வேணுங்கறாங்க. தட்டச்சு செய்யறவங்களுக்குப் பழைய தட்டச்சுப் பலகை மட்டுந்தான் பழக்கம். இணையத்தில கிடைச்ச ஒரு மாற்றியில ஓட்டிப் பார்த்தா ‘வௌ்ளகோவில்’, ‘வௌ்ளோடு’, ‘தௌிவு’ன்னு வருது. ‘அா்ச்சகா்’னு தேடினா சில இடத்தில கிடைக்குது, சில இடத்தில கிடைக்கறதில்லை. எந்தக் குறியீட்டுக்குப் போறது, எப்படிப் போறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அச்சுமேசை_ஈரோடு

யூனிகோடுக்குப் போங்க. மின்னூல் வேணும்னு சொன்ன பிறகு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் மூன்று விஷயத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த முடிவுகள் சரியாக வரும். குறியீடு என்பது கோப்பில் சேமிக்கப்படும் எண். வடிவம் என்பது எழுத்துருவுக்குள் இருக்கும் படம். விசைப்பலகை என்பது விரல் பழக்கம். பழைய எழுத்துருக்களில் இந்த மூன்றும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. பாமினியில் ‘க’ என்பது உண்மையில் ஆங்கில எழுத்து ஒன்றின் எண். அதன் மேல் தமிழ்ப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துருவை மாற்றினால் தமிழே போய்விடுவது அதனால்தான்.

பழைய எழுத்துருக்கள் 8 பிட் குறியீடு, அதில் மொத்தம் 256 இடம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தவை 18, உகர ஊகார வடிவங்கள் 36, டி, டீ, கிரந்தம், ஸ்ரீ, துணைக்குறிகள் எல்லாம் சேர்த்தால் நூறைத் தாண்டும். கீழ்ப்பாதி 128-ஐ ஆங்கிலத்துக்கு விட்டு மேல்பாதியில் தமிழை அடைத்தது டேப். ஆங்கிலத்தையே விட்டுவிட்டு இடத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டது டேம். இரண்டும் 1999-இல் தமிழ்நாடு அரசின் தரமாக வந்தவை. மேல்பாதியிலும் எல்லா இடமும் பாதுகாப்பானதல்ல. 160 பிரியா இடைவெளி, 173 மறைந்த இணைப்புக்கோடு. அந்த இடங்களில் எழுத்தை வைத்த எழுத்துருக்களில் வேர்டுக்குள் போனதும் அந்த எழுத்து மட்டும் காணாமல் போகும். உங்கள் நன்கொடையாளர் பட்டியலை ஒருமுறை இதற்காகவே பாருங்க.

யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம். அதில் 72-க்குத்தான் எழுத்து இருக்கிறது. ‘கு’வுக்குத் தனி எண் கிடையாது. க (2965), உகரக்குறி என்று இரண்டு எண்ணாகச் சேமித்து, எழுத்துருவுக்குள் இருக்கும் ஓப்பன்டைப் விதி ‘கு’ படத்தைக் காட்டும். ணை, லை, னை போன்றவற்றின் பழைய யானைத் தும்பிக்கை வடிவம் வேண்டும் என்றாலும் குறியீட்டைத் தொட வேண்டாம். அந்த வடிவங்களைக் கொண்ட எழுத்துருவை மாற்றினால் போதும். முதல் பதிப்பின் தோற்றம் மாறக்கூடாது என்று கோயில்காரர்கள் சொன்னால் இது உதவும்.

பவானிக்கூடல்

டேஸ்16 என்ற 16 பிட் தமிழ்க் குறியீட்டை இவ்வளவு சுலபமாக ஒதுக்க வேண்டாங்க. 247 எழுத்துக்கும் கிரந்தத்துக்கும் தனித்தனி எண் இருக்கிறது. ‘கொ’ என்பது ஒரே எண். கொம்பை முன்னே தள்ளும் வேலை மென்பொருளுக்கு இல்லை. சிக்கலான எழுத்து அமைப்பு தெரியாத பழைய மென்பொருளிலும், 16 பிட் ஏற்றால் போதும், எழுத்து உடையாது. 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது யூனிகோடோடு இதையும் சேர்த்துத்தான் அரசு அறிவித்தது.

முக்கியமாக அகரவரிசை. 2,000 பெயர் பட்டியல் என்கிறார். யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் பனப்பாளையம், பல்லடம், பழனி, பவானி என்று வரும். ந-வுக்கு அடுத்து ன வைத்திருக்கிறார்கள், ல, ள, ழ, வ வரிசையும் நம் வரிசை அல்ல. சரியான வரிசை பல்லடம், பவானி, பழனி, பனப்பாளையம். டேஸ்16-இல் எண் வரிசையே அகரவரிசை.

அச்சுமேசை_ஈரோடு

வரிசை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதற்காகக் குறியீட்டை மாற்ற வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் பட்டியலை ஒட்டி, வரிசைப்படுத்தும் பெட்டியின் விருப்பங்களில் மொழியைத் தமிழ் என்று வைத்தால் ன கடைசிக்குப் போகும். எண் வரிசையில் அடுக்கும் சிறு நிரல்களும் பழைய தரவுத்தளங்களும்தான் தப்பாக அடுக்கும்.

டேஸ்16 உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அந்த எண்களுக்கு உலகத்தில் வேறு யாரும் வேறு பொருள் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் மின்னூலைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். தேடுபொறிக்கும், படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது தமிழே அல்ல. பேஜ்மேக்கரோ 16 பிட்டையே ஏற்காது. ஆக, இந்த வேலையில் டேஸ்16 கைகொடுக்கும் இடம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தன் கட்டுப்பாட்டுக்குள் மட்டுமே சுற்றும் அச்சுக்கோப்பு என்றால் உங்கள் வாதம் நிற்கும்.

நொய்யல்கரை

மாற்றும் வேலையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். நாள் கணக்கில் நேரத்தைத் தின்பது அதுதான்.

பேஜ்மேக்கரில் இருந்து வெறும் உரையாக ஏற்றுமதி செய்யாதீங்க, ஆர்டிஎஃப்-ஆகச் செய்யுங்க. வெறும் உரையில் எழுத்துருப் பெயர் போய்விடும். பிறகு எது பாமினி, எது டைம்ஸ் ரோமன் என்று மாற்றிக்குத் தெரியாது. ஆங்கில வரிகளும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறும். கர்சர் எந்தத் தொடர்உரையில் நிற்கிறதோ அது மட்டுமே ஏற்றுமதியாகும், அதனால் தனிப் பெட்டிகளில் இருக்கும் படவிளக்கம், அடிக்குறிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுக்கணும். பெரும்பாலும் விட்டுப்போவது படவிளக்கங்கள்தான்.

எழுத்துருப் பெயரை நம்பி மாற்றியைத் தேர்ந்தெடுக்காதீங்க. ஒரே பெயரில் இடம் மாறிய பதிப்புகள் சுற்றுகின்றன. கேரக்டர் மேப்பில் திறந்து, உயிர்கள், கு முதல் னூ வரை, டி, டீ, கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் வரும் ஒரு சோதனைப் பக்கம் செய்து, அதை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்க. அலங்காரத் தலைப்பு எழுத்துருவுக்கு மெனக்கெட வேண்டாம். 480 பக்கத்தில் தலைப்புகள் எத்தனை வந்துவிடும், புதிதாகத் தட்டிவிடலாம்.

ஆர்டிஎஃப்பை வேர்டில் திறந்து பாமினியிலேயே திருத்தம் செய்யும் பழக்கம் இருந்தால், தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதியை நிறுத்திவிட்டுச் செய்யுங்க. அந்த வகையில் ஒரே விசையின் சிறிய எழுத்து ‘க’, பெரிய எழுத்து ‘கு’. வாக்கியத் தொடக்கத்தில் தட்டிய ‘கல்’ சத்தமில்லாமல் ‘குல்’ ஆகிவிடும்.

இனி நீங்கள் சொன்ன பிழைகள். பழைய எழுத்துருவில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும்: கொம்பு, க, கால். யூனிகோடில் க, அதற்குப் பின் ஒகரக்குறி (3018). அதனால் மாற்றி நீளமான கூட்டை முதலில் பிடிக்கணும்: கொம்பு+மெய்+கால், அப்புறம் கொம்பு+மெய், கடைசியில் தனி எழுத்து. இந்த வரிசை தப்பினால் ‘கெ’வும் தனிக்காலும் பிரிந்து நிற்கும்.

‘வௌ்ளகோவில்’ வருவதற்குக் காரணம் ஔகாரத்தின் வலப்பாதியும் ‘ள’வும் பழைய எழுத்துருவில் ஒரே இடம். கொம்பு+வ+ள என்று பார்த்ததும் மாற்றி அவசரப்பட்டு ‘வௌ’ என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்து வரும் புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. நல்லவேளை, இதைப் பிடிப்பது சுலபம். ௌ-வுக்கு அடுத்து புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது நூற்றுக்கு நூறு பிழை. அந்த இடத்தில் ௌ-வை ‘ெ’+‘ள’ ஆக்கணும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் கிரெப் தேடலில் (விதி எழுதித் தேடி மாற்றும் வசதி) ஒரே ஓட்டத்தில் முடியும். வெளியீடு, தெளிவு, வெள்ளோடு எல்லாம் ஒழுங்காகிவிடும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: கௌசிகா நதி, பௌர்ணமி, மௌனம், கௌரவம் இவை ‘கெள’, ‘பெள’ என்று ள-வோடு நிற்கும். இதற்கு விதி போடாதீங்க. ‘ெள’வுக்கு அடுத்து நேரே மெய் வரும் இடங்களைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்க. ‘ஒளவை’யும் அப்படித்தான், ஒ (2962), ள (2995) என்று இரண்டாக இருக்கும். ஔ (2964) என்று ஒன்றாக ஆக்கணும்.

‘அா்ச்சகா்’ மாற்றியின் பிழை அல்ல, தட்டச்சின் பிழை. கால் நீட்டாத ‘ர்’ வடிவமும், காலின் மேல் புள்ளி வைத்ததும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் ர-வுக்குப் பதில் காலைத் தட்டியிருக்கிறார்கள். அச்சில் கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் தெரியும். காலுக்கு (3006) அடுத்து புள்ளியோ (3021), இகர ஈகாரக் குறியோ வந்தால் அந்தக் காலை ர (2992) ஆக்கிவிடுங்க. தமிழில் அப்படி ஒரு சேர்க்கை கிடையாது, தயங்காமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றலாம்.

கடைசியாக, பேஜ்மேக்கர் இடைவெளியில்தான் வரி மடக்கும். அதனால் நீளச் சொல்லை நடுவில் உடைக்க அன்றைக்கு இடைவெளியோ என்டரோ தட்டியிருப்பார்கள். புதிய பக்க அளவில் அவை வரி நடுவே ‘கும்பாபி ஷேகம்’ என்று நிற்கும். இதற்கு விதி எதுவும் இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் கண்தான்.

கோபி_டிடிபி

ரொம்ப நன்றிங்க. ௌ, ர் இரண்டு விதியும் ஓட்டினேன், முக்கால்வாசி சுத்தமாயிருச்சு. இப்போ இன்டிசைன்ல ஒட்டினா ‘கெ’யில கொம்பு பின்னாடி நிக்குது, சில இடத்தில புள்ளிவட்டம் வருது. ‘கோயில்’னு தேடினா பாதி இடத்தில நிக்கறதில்லை, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்குது. பழைய தட்டச்சுப் பலகையை என்ன செய்யறதுங்க?

நொய்யல்கரை

கொம்பு பின்னால் நிற்பது கம்போசர் (எழுத்தையும் வரியையும் அடுக்கும் பகுதி) அமைப்பால். பாராகிராஃப் ஸ்டைல் ஆப்ஷன்ஸ், ஜஸ்டிஃபிகேஷன், அதில் கம்போசரை அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்று மாற்றுங்க. அடிப்படை ஸ்டைலில் மாற்றினால் அதை ஒட்டிய மற்றவையும் மாறும். சிஎஸ்6-க்கு முந்தைய பதிப்பு என்றால் தனிச் செருகுநிரல் இல்லாமல் ஒத்துவராது. அதற்குப் பிறகும் புள்ளிவட்டம் நின்றால் அது கோப்பில் உள்ள பிழை: தனியாக நிற்கும் ஒரு குறி. புள்ளிவட்டத்தைத் திட்டாதீங்க, விட்டுப்போன பிழையைக் காட்டிக்கொடுப்பதே அதுதான்.

அதே பெட்டியில் லெட்டர் ஸ்பேசிங் மூன்று கட்டமும் 0. வேர்ட் ஸ்பேசிங் 80, 100, 133 போதும். எழுத்திடைவெளியை இறுக்கினால் ‘றி’, ‘ணி’ போன்றவற்றின் மேல்வளைவு அடுத்த எழுத்தில் இடிக்கும்.

‘கோயில்’ நிற்காததற்குக் காரணம் ஓகாரத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவும், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும். மாற்றி ஒரு விதமாகவும் தட்டச்சு செய்தவர் வேறு விதமாகவும் வைத்திருப்பார்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றையும் ஒற்றைக் குறியாக்குங்க. என்எஃப்சி என்று ஒழுங்குபடுத்தும் எந்தக் கருவியும் இதைச் செய்யும். ஆனால் ‘ெ’+‘ள’ என்று தப்பாக உட்கார்ந்த ஔகாரத்தை அது தொடாது, அது முன்பு சொன்ன கைவேலைதான். ஸ்ரீயிலும் இரண்டு வழி இருக்கிறது. ஸ-வில் (3000) தொடங்குவது ஒன்று, 2005-இல் சேர்ந்த ஶ-வில் (2998) தொடங்குவது இன்னொன்று. இரண்டும் ஒரே படத்தைத்தான் காட்டும். மலர் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்க.

அச்சுமேசை_ஈரோடு

பலகையை மாற்ற வேண்டாம். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாகத் தட்டலாம். கொம்பை முதலில் தட்டினாலும் அதுவே ஒழுங்காக மாற்றிச் சேமிக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு மட்டும் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுங்க.

எழுத்துரு: உள்பக்கத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு முக்த மலர் அல்லது கேட்டமரன். மூன்றும் திறந்த உரிமம், மின்னூலுக்குள் பதிக்கத் தடையில்லை. விண்டோசோடு வரும் லதா, நிர்மலாவை மின்னூலில் பதிக்கும் முன் உரிமத்தைப் படிச்சுக்கோங்க. பாமினியில் 12 புள்ளி வைத்திருந்த பக்கத்தை அப்படியே 12 புள்ளியில் ஓட்டாதீங்க, எழுத்துருவுக்கு எழுத்துரு உருவளவு மாறும். ஒரே பத்தியை 10, 10.5, 11 என்று மூன்று அளவில் அச்செடுத்துப் பக்கக் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்க. 480 பக்கம் ஒரு ஃபாரம் (சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி) கூடிப்போனால் காகிதச் செலவு ஏறும்.

மின்னூலுக்கான உரையை அச்சு பிடிஎஃப்-இல் இருந்து வெட்டி எடுக்க வேண்டாங்க. அதில் எழுத்துகள் மறுபடியும் கண்ணுக்குத் தெரியும் வரிசைக்குப் போயிருக்கும், கொம்புப் பிரச்சினை முதலில் இருந்து ஆரம்பிக்கும். இன்டிசைன் கோப்பில் இருந்தே ஈபப் எடுங்க. கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் வேலைக்குப் பழைய அலங்கார எழுத்துருக்கள் அப்படியே இருக்கட்டும், அந்த வேலைகளை யாரும் பின்னால் தேடப்போவதில்லை.