திருக்கடையூர் 60ஆம் கல்யாணம்: குடும்பக் குழு

செல்வி அத்தை: மண்டபத்துக்காரர் நாளைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். 14ஆம் தேதி உறுதிதானே?

ராஜா சித்தப்பா: உறுதி. அண்ணன் நட்சத்திரம் அன்றைக்குத்தான்.

காவ்யா: சித்தப்பா, அந்த வாரம்தான் எங்கள் பீம் டைம், முடுக்கியில் எங்கள் சோதனைக்கு ஒதுக்கிய நேரம் 😔

கமலா சித்தி: அக்கா கல்யாணத்துக்கும் இதே பீம்தான்

காவ்யா: ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன் சித்தி. ஜப்பானில் வாகோ ஊரில் ரிகென் ஆய்வகம். யுரேனியத்தை ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்கு முடுக்கி, பெரிலியத்தில் மோதவிடுவோம். அது பிளந்து நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்கள் தெறிக்கும். எனக்கு வேண்டியது சிர்க்கோனியம், 40 புரோட்டான். 58 நியூட்ரான் இருக்கும்வரை கரு ஏறக்குறைய உருண்டை. இரண்டே இரண்டு கூடி 60 ஆனதும் சட்டென்று நீண்டுவிடும்.

செல்வி அத்தை: லட்டு பேரீச்சங்காய் ஆகிற மாதிரியா?

காவ்யா: அதேதான் அத்தை! கருவைத் தூண்டினால் காமா கதிர் வரும். 58இல் அதன் ஆற்றல் 1223 கிலோ எலக்ட்ரான் வோல்ட். 60இல் வெறும் 213. உருண்டையை அசைக்க நிறைய ஆற்றல் வேண்டும். நீண்ட கரு சுழலக் கொஞ்சம் போதும்.

முரளி: சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்கிறார்

அப்பா: இருடா. ஏன்மா நீளுகிறது?

காவ்யா: புதிதாக வரும் நியூட்ரான்கள் போய் அமரும் இடத்துக்கும் சில புரோட்டான்களுக்கும் ஈர்ப்பு அதிகம் அப்பா. அதனால் புரோட்டான்களும் இடம் மாறும். நீண்டு இருப்பதே கருவுக்குச் சௌகரியமாகிவிடும். 70 நியூட்ரானில் மறுபடி உருண்டையாகும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். இங்கேதான் அந்தக் கருவை, அதாவது சிர்க்கோனியம் 110ஐ (40 + 70), அளந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். காமா கதிரைப் பிடிக்கச் சுற்றிலும் 186 சோடியம் அயோடைடு படிகங்கள். வந்த கதிர் 185! அதுவும் நீளம்தான்.

கமலா சித்தி: இதனால் நமக்கு என்ன?

காவ்யா: தங்கம் சித்தி. நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது கருக்கள் நியூட்ரானை விழுங்கி விழுங்கித்தான் கனமான தனிமங்கள் ஆகின்றன. வழியில் வருவது இந்த மாதிரிக் கருக்கள். வடிவம் மாறினால் நிறையும் ஆயுளும் மாறும், எது எவ்வளவு உருவாகும் என்பதும் மாறும்.

கமலா சித்தி: தங்கம் என்றதும் ஞாபகம் வந்தது. அண்ணிக்குப் புதுத் தாலியா, பழசை உருக்கியா?

ராஜா சித்தப்பா: போன தடவை உருக்கினதில் சேதாரம் யார் தலையில் விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும்

செல்வி அத்தை: ராஜா, அது இங்கே வேண்டாம்.

அப்பா: அடுத்த மாத நட்சத்திரத்தில் வைத்துக்கொண்டால் என்ன? பெண் இல்லாமல் எனக்கு மனசு வராது.

காவ்யா: அப்பா, தள்ள வேண்டாம். ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று குழுவில் கேட்கிறேன்.

ராஜா சித்தப்பா: குருக்களிடம் நானும் ஒரு வார்த்தை கேட்கிறேன்

செல்வி அத்தை: அப்போ அட்வான்ஸ்?

முரளி: இலை??

அப்பா: 200 என்று சொல். மிச்சம் அப்புறம்.

கமலா சித்தி: காலை டிபனுக்கும் சேர்த்தா?