கழுவிக் காய்ந்த ஆட்டு ரோமம் இன்னும் பிசுபிசுக்கிறது, நூலும் அறுந்துபோகிறது. உதவி தேவை

சிப்புட் பின்னல்காரி:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். பத்து வருடமாகக் கடை நூலில் பின்னுகிறேன். ஆட்டு ரோமத்தைக் கழுவி நானே நூல் நூற்பது இதுதான் முதல் தடவை. இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு மாமா செம்பனை மரத்தடியில் முப்பது செம்மறிகள் வைத்திருக்கிறார். களையை ஆடுகள் பார்த்துக்கொள்ளும். இந்த வெக்கைக்கு ரோமத்தோடு விட்டால் ஆடு இரைக்கும் என்று வருடத்துக்கு ஒருமுறை கத்தரித்துக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார். இந்த முறை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு ஆட்டு ரோமம், தனித்தனி அரிசிச் சாக்கில். மகள் கேமரன் மலையில், தானா ராத்தாவில் வேலை செய்கிறாள். அங்கே ராத்திரியில் 15 டிகிரிக்கு இறங்குகிறதாம். அவளுக்கு ஒரு தொப்பி பின்ன வேண்டும், அதுவும் இந்த ரோமத்திலேயே பின்ன வேண்டும் என்று ஆசை.

முதல் சாக்கைப் பிரித்துப் பெரிய பேசினில் போட்டேன். அடுப்பில் வெந்நீர் வைத்து ஊற்றி, கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து ஊறவைத்தேன். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டியிருந்ததால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறியது. வந்து பிழிந்து, கிணற்றுத் தண்ணீரில் மூன்று தடவை அலசி, தகரக் கூரைக்குக் கீழே காயப்போட்டேன்.

நான்கு நாளாகிவிட்டது. தொட்டால் ஒட்டுப்பால் தொட்ட கை மாதிரி இருக்கிறது. நாய்க்கு முடி வாரும் கம்பிப் பிரஷ் இரண்டு வாங்கி வாரிப் பார்த்தேன், பல்லிலேயே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. பழைய சிடியில் சாப்ஸ்டிக் செருகி ஒரு கதிர் செய்து நூற்றேன். ஒரு இடம் மெல்லிசு, ஒரு இடம் பூச்சி மாதிரி தடிப்பு, ஒரு முழம் போவதற்குள் அறுந்து கதிர் தரையில் விழுகிறது. மழை நாளில் ஆட்டு வாடையும் வருகிறது. கழுவும் முன் 1.2 கிலோ, காய்ந்த பின் 1.1 கிலோ.

ரோமம் சரியில்லையா, கழுவியது சரியில்லையா, நூற்கும் கை சரியில்லையா?

நூல்கண்டு (தைப்பிங்):

தங்கச்சி, எடை போட்டு வைத்தீர்களே, அது பெரிய உதவி. அதிலேயே பாதி பதில் இருக்கிறது. மூன்று விஷயம் சொல்லுங்கள். திரும்பி வந்தபோது தண்ணீர் எவ்வளவு சூடு இருந்தது? கிணறு சுண்ணாம்பு மலைப் பக்கமா? ஆடு என்ன இனம்?

பச்சைத்தோட்டம் (பீடோர்):

வாடைக்கும் பிசுக்குக்கும் குளோரோக்ஸ் கொஞ்சம் ஊற்றி ஊறவைத்தால் பளிச்சென்று வந்துவிடும். எங்கள் வீட்டில் பழைய கம்பளத்தை அப்படித்தான் சுத்தம் செய்தோம். இல்லையென்றால் வாஷிங் மெஷினில் நல்ல சலவைத்தூள் போட்டு ஒரு சுற்று விடுங்கள்.

நூல்கண்டு (தைப்பிங்):

அண்ணே, உதவ வந்ததற்கு நன்றி, ஆனால் அது மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் கம்பளம் செயற்கை இழையாக இருந்திருக்கும், அதனால் தப்பித்தது. ஆட்டு ரோமம் நம் தலைமுடி மாதிரிப் புரதம். குளோரின் வெளுப்பான் அதைக் கரைத்தே விடும். கறை போக்க என்சைம் சேர்த்த சலவைத்தூளும் ஆகாது, புரதக் கறையைத் தின்கிற என்சைம் ரோமத்தையும் தின்னும். மெஷினில் சுற்ற விட்டால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி எல்லாம் சேர்ந்து ஒரு பாய் மாதிரி இறுகிவிடும். அதை மறுபடி பிரிக்க வழியே கிடையாது.

சிப்புட் பின்னல்காரி:

அக்கா, வந்து பார்த்தபோது தண்ணீர் வெதுவெதுப்புகூட இல்லை, ஆறிப்போயிருந்தது. கிணறு சிம்மோர் போகிற பக்கம், சுண்ணாம்பு மலை பக்கத்திலேயே தெரிகிறது. கெத்தலின் உள்ளே வெள்ளையாகப் படியும். மாமா தன் ஆடுகளை டோர்செட் கலப்பு என்கிறார்.

ஆட்டுக்கொட்டகை (குளுவாங்):

டோர்செட் கலப்பு என்றால் நல்ல செய்தி. இங்கே பலர் வைத்திருக்கும் டோர்பர் தானாக முடி உதிர்க்கும் இனம், அதன் முடியை வைத்து நூற்பது பெரும்பாடு. நாட்டு மாலின் ஆட்டு ரோமம் முரடு, தொப்பிக்கு நெற்றி அரிக்கும். டோர்செட் ரோமம் மெரினோ ஆட்டு ரோமம் அளவு மெத்தென்று இருக்காது, ஆனால் ஸ்பிரிங் மாதிரி எழும்பும். அது எளிதில் இறுகிப் பாயாகாது, முதல் தடவை கழுவுகிறவருக்கு அதைவிட நல்ல ரோமம் இல்லை.

கழுவுவதற்கு முன் ஒன்று பாருங்கள். சாக்கிலிருந்து ஒரு சிறு கற்றையை அடி முதல் நுனி வரை முழுசாக எடுங்கள். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துக் காதருகே வைத்து வெடுக்கென்று இழுங்கள். தந்தியைச் சுண்டியது போல் 'டிங்' என்றால் உறுதியான ரோமம். 'சரசர' என்று நொறுங்கும் சத்தம் வந்து நடுவில் பிய்ந்தால், அந்த ஆட்டுக்கு இடையில் காய்ச்சலோ தீனிக் குறைவோ இருந்திருக்கிறது. அந்த நாட்களில் வளர்ந்த இடம் மட்டும் மெலிந்திருக்கும். அப்படிப்பட்ட ரோமத்தை யார் நூற்றாலும் நிற்காது. இரண்டு சாக்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

வால் பக்கம், வயிறு, கால் ரோமத்தைக் கழுவும் முன்பே ஒதுக்கிவிடுங்கள். கெமுன்சுப் என்கிற ஒட்டுப்புல் முள் இருந்தால் கையாலேயே எடுங்கள், தண்ணீரில் அது போகாது. கத்தரித்தவர் ஒரே இடத்தில் இரண்டாம் தடவை கத்தரி ஓட்டியிருந்தால் அரை விரற்கடை நீளத்தில் துணுக்குகள் கிடக்கும். அவைதான் நூலில் பூச்சி மாதிரி தடிக்கும். வலைமேல் போட்டு உதறினால் பாதி விழுந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு (தைப்பிங்):

சரி, இப்போது பிசுக்கு. தங்கச்சி, உங்கள் ரோமத்திலும் குறை இல்லை, கையிலும் குறை இல்லை. தண்ணீர் ஆறிவிட்டது, அதுதான்.

ஆட்டுத் தோலில் சுரக்கும் மெழுகு ரோமம் முழுக்கப் பூசியிருக்கும், லானோலின் என்பார்கள். உதட்டுக்குப் பூசும் சில களிம்புகளில் அது இருக்கிறது. கிட்டத்தட்ட 40 டிகிரியில் அது உருகும். நீங்கள் ஊற்றிய வெந்நீரில் உருகி வெளியே வந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஆறியதும் திரும்ப உறைந்து ரோமத்தின் மேலேயே படிந்துவிட்டது. குழம்பு ஆறினால் மேலே கொழுப்பு கட்டுகிறதே, அதேதான். 1.2 கிலோவில் நூறு கிராம் மட்டும் குறைந்தது, அழுக்கு போனது, மெழுகு போகவில்லை என்பதற்கு அடையாளம். சரியாகக் கழுவினால் இந்த மாதிரி ரோமத்தில் கால் பங்குக்கு மேலேயே குறையும். இதற்கு மேல் கிணற்றுத் தண்ணீர் வேறு. சுண்ணாம்புள்ள தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைப் பிசுக்காகத் திரியும். அதுவும் சேர்ந்து ஒட்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் திரும்பக் கழுவலாம், ஒன்றும் வீணாகவில்லை. முதலில் நூறு கிராம் மட்டும் செய்யுங்கள். துணி துவைக்கிற வலைப்பையில் தளர்வாகப் போடுங்கள், திணிக்க வேண்டாம். தண்ணீர் மழைத்தண்ணீர் அல்லது குழாய்த் தண்ணீர், 60 டிகிரி. கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதிக்கக் கூடாது. கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் தெர்மாமீட்டர் போதும். பாத்திரம் கழுவும் திரவத்தை முதலில் தண்ணீரில் கலந்துவிட்டு, பிறகு பையை மேலே வைத்து அதுவாக மூழ்கும்வரை மெதுவாக அழுத்துங்கள். கிளறக் கூடாது, கசக்கக் கூடாது, மேலே குழாயைத் திறந்து விடவும் கூடாது.

பதினைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். தண்ணீர் சூடாக இருக்கும்போதே பையைத் தூக்கி வடியவிடுங்கள். இந்த நேரத்தில் போன் வந்தாலும் எடுக்காதீர்கள். அதே சூட்டில் இரண்டாவது தண்ணீர், மறுபடி திரவம். பிறகு அதே சூட்டில் வெறும் தண்ணீரில் இரண்டு அலசல். சூட்டிலிருந்து பச்சைத் தண்ணீருக்குத் தாவினால் மெழுகும் உறையும், ரோமமும் இறுகும்.

வாஷிங் மெஷினுக்கு இங்கே ஒரே ஒரு வேலை உண்டு. தண்ணீர் விடாமல், பையோடு வைத்து, பிழியும் சுழற்சி மட்டும் ஓட்டுங்கள். அப்புறம் வலைமேல் பரப்பி காற்றாடிக்கு எதிரே வையுங்கள். ரோமம் தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரம் குடித்தும் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். நம் ஊர்க் காற்றில் அதை நம்பி மூட்டை கட்டினால் பூஞ்சை வாடை வரும். இரண்டு நாள் கூடுதலாகவே விடுங்கள்.

தக்ளி தாத்தா (லூனாஸ்):

என் பாட்டி சேலத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பால்வெட்டுக்குப் போய் வந்து சாயங்காலம் தக்ளியில் பருத்தி நூற்பார். அவரிடம் கற்றதை வைத்து இப்போது கம்பளியும் நூற்கிறேன், அதனால் கை வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

பருத்தி இழை குட்டை, நிறைய முறுக்கு வேண்டும். உங்கள் ரோமம் விரல் நீளம். பிடிக்கிற இரண்டு கைக்கும் நடுவே அந்த இழை நீளத்தைவிடக் கொஞ்சம் அதிக இடைவெளி இருக்க வேண்டும். ஒரே இழையின் இரண்டு முனையையும் இரண்டு கையும் பிடித்துக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் நகராது, வேகமாக இழுத்தால் அறும். புதிதாக நூற்பவர்கள் பயத்தில் இறுக்கிப் பிடிப்பார்கள். குருவிக் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடியுங்கள், அம்மா.

முறுக்கு எப்போதும் மெல்லிசான இடத்தைத் தேடி ஓடும். தடித்த இடத்தில் முறுக்கே ஏறாது. ஆகவே அது அறுவதில்லை, வழுக்கிப் பிரிகிறது. அறுந்த முனையைப் பாருங்கள், நூல் போல் இல்லாமல் பஞ்சுபோல் விரிந்திருக்கும். பிசுபிசுப்பான ரோமம் சீராக நீளாது, அதனால்தான் தடிப்பும் மெல்லிசும். மெழுகு போனாலே பாதி சரியாகிவிடும்.

வாரிய ரோமத்தைச் சுருட்டிப் பட்டை போட்டு அதிலிருந்து நூற்றுப் பாருங்கள், ஒரு கை நீளம் நூற்றதும் கதிரை நிறுத்தி அந்த நூலைத் தளர்த்தி மடியுங்கள். தானாகவே தன்னோடு முறுக்கிக்கொண்டு அழகான இரட்டைப் புரியாக நிற்க வேண்டும். துவண்டு கிடந்தால் முறுக்கு போதாது. குட்டிக் குட்டியாகச் சுருண்டால் அதிகம்.

ஒற்றைப் புரியில் தொப்பி பின்ன வேண்டாம், துணி ஒரு பக்கமாகச் சாயும். கதிரை வலப்பக்கம் சுழற்றி நூற்ற இரண்டு நூலை, இடப்பக்கம் சுழற்றி ஒன்றாக முறுக்குங்கள். சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் கட்டி, வெந்நீரில் நனைத்து, உதறிக் காயப்போட்டால் முறுக்கு படிந்துவிடும்.

சிப்புட் பின்னல்காரி:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அக்கா சொன்னபடியே நூறு கிராம். முதல் தண்ணீர் தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் வந்தது, மேலே மஞ்சளாக ஒரு ஏடு. இரண்டாவது தண்ணீர் அரிசி கழுவியது மாதிரி. நான்காவதில் பேசினின் அடி தெரிந்தது. காற்றாடிக்கு முன்னால் மூன்று நாள். எடை 74 கிராம். கையில் எடுத்தபோது சத்தியமாக அதே ரோமம் என்று நம்பவில்லை. ஒவ்வொரு கற்றையும் விரித்தால் விரல் நீளத்துக்கு நெளி நெளியாக எழும்புகிறது, ஒட்டுவதே இல்லை. பிரஷ்ஷிலிருந்து அப்படியே கழன்று வருகிறது.

குளுவாங் அண்ணன் சொன்ன சோதனையும் செய்தேன். முதல் சாக்கு 'டிங்'. இன்னும் கழுவாத இரண்டாவது சாக்கில் எடுத்த ஏழு கற்றையும் அடியிலிருந்து ஒரே அளவில், சரியாக நடுவில் பிய்ந்தன. மாமாவிடம் காட்டினேன். அந்த ஆடு இரட்டைக் குட்டி போட்டுப் பல நாள் எழுந்திருக்காமல் கிடந்ததாம். அது படுத்திருந்த நாட்கள் ரோமத்தில் கோடாகப் பதிந்திருப்பதைப் பார்த்து அவரும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த ரோமத்தைத் தலையணைக்கு வைத்துக்கொள்கிறேன்.

தாத்தா, கை இடைவெளியை மாற்றிய அன்றே மூன்று முழம் அறாமல் வந்தது. இப்போது இரட்டைப் புரியில் ஒரு சிறு சிட்டம் இருக்கிறது. தடிமன் பார்க்க ரூலரில் சுற்றினால் ஒரு அங்குலத்துக்குப் பத்துச் சுற்று. 4.5 மில்லிமீட்டர் ஊசியில் சதுரம் பின்னிப் பார்த்தேன், பத்து சென்டிமீட்டருக்கு 18 கண்ணி. மகள் தலை 54 சென்டிமீட்டர். 90 கண்ணி போட்டால் 50 வரும், இழுபட்டுப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், சரிதானே?

இன்னொரு சந்தேகம். மீதி ரோமத்தில் பூச்சி விழாமல் எப்படி வைப்பது?

நூல்கண்டு (தைப்பிங்):

90 சரி. ஓரத்துக்கு மட்டும் ஊசியை ஒரு அளவு குறைத்து, இரண்டு நேர் இரண்டு எதிர் என்று பின்னுங்கள், கூடுதலாக இரண்டு கண்ணி போட்டு 92 ஆக்கினால் நாலால் வகுபடும்.

பூச்சிக்குப் பிடித்தது மெழுகும் அழுக்கும் உள்ள ரோமம், அதனால் கழுவாததை வீட்டுக்குள் வைக்காதீர்கள். கழுவிக் காய்ந்ததைத் துணிப்பையில் வையுங்கள். ஏற்கெனவே பூச்சி இருக்குமோ என்று பயமிருந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் உள்ளே வேர்த்து ஈரமாகிவிடும்.

சிப்புட் பின்னல்காரி:

92 போட்டுவிட்டேன் அக்கா, ஓரம் நாலு வரி ஏறியிருக்கிறது. முதல் சாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீதி ஒரு கிலோவைப் பத்துப் பையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி பெய்த மழையில் பின்வாசல் தொட்டி நிறைந்திருக்கிறது. சனிக்கிழமை பள்ளி இல்லை, அன்றைக்குக் கழுவுகிறேன்.