ஆசிரியர் கையில் ஐயாயிரம் ரூபாய்: கொடுக்கலாமா, கூடாதா?

பொருநைக்கரையான்:
அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் நானும் ஒருவன். வைப்புத் தொகையின் வட்டியில் ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகமும் ஆண்டு விழாப் பரிசும் கொடுத்து வந்தோம். எவர்சில்வர் டம்ளர் கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது. இந்த ஆண்டு வேறொரு யோசனை. சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பத்து ஆசிரியர்களுக்குத் தலா 5,000 ரூபாய். வகுப்பில் புதிதாக என்ன செய்யப் போகிறார்கள், அதற்கு என்ன வாங்க வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதித் தந்தால் போதும்.

கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒருவர் பத்தமடைப் பாயின் கரை வேலைப்பாட்டைக் கொண்டு சமச்சீர்மை நடத்த வேண்டும் என்கிறார், பிள்ளைகளை நெய்யவும் வைப்பாராம். இன்னொருவர் 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகள் தாங்களே மழையை அளக்கப் பழக வேண்டும் என்கிறார். எங்கள் செயற்குழு பாதிக்குப் பாதி பிளந்து நிற்கிறது. “அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்?” என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. ஆசிரியர்களும் பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

வாகைமரம்:
கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. உங்கள் செயற்குழுவில் கேள்வி கேட்ட பாதிப் பேருக்கு என் ஆதரவு.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். நன்கொடையன்று, பள்ளிக்கு உரிய பணம். இதே திட்டத்தில்தான் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அந்தக் கோடிகளுக்கு நடுவே உங்கள் ஐம்பதாயிரம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அத்தோடு போனாலும் பரவாயில்லை. “ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்களே” என்று மேலே இருப்பவர்கள் கையைக் கழுவ அது ஒரு சாக்காகவும் ஆகிவிடும். டம்ளரே கொடுங்கள், அதில் ஆபத்து குறைவு.

கரும்பலகை டீச்சர்:
மழை அளக்கும் கடிதம் என்னுடையது இல்லை. ஆனால் அதே வேலையை என் வகுப்பில் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வாகைமரம் சார், நீங்கள் சொன்ன மானியத் தொகையெல்லாம் சரி. அது எங்கே போகிறது என்பதையும் எழுதியிருக்கலாம். பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்கு என்பது விதி. மிச்சத்தில் சாக்பீஸ், பதிவேடுகள், பழுதான மோட்டார், குழாய், மின்விசிறி. எங்கள் பள்ளியில் பணம் வந்து சேரும்போது பெரும்பாலும் பொங்கல் முடிந்திருக்கும், மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதில் என் ஐந்தாம் வகுப்புக்கு என்று ஒரு ரூபாய் கேட்டு வாங்க எனக்கு வழியில்லை. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் தனியாகக் கொடுத்தார்கள். துணைக்கருவி செய்ய அது என் கைக்கே வந்தது. 2018இல் எல்லாவற்றையும் சேர்த்துப் பள்ளி மானியம் ஆக்கியதோடு அது போயிற்று. அதன் பிறகு சார்ட், பசை, கம்பி, விதை எல்லாமே எங்கள் பர்ஸ்தான்.

இப்போது மழைக்கு வருகிறேன். குளிர்பானப் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். பாட்டிலின் அடிப்பகுதி நெளிந்திருக்கும், அப்படியே அளந்தால் கணக்குத் தப்பும். கூழாங்கல் போட்டுப் பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே கோடு போட்டு அதைச் சுழியம் என்று வைக்கிறோம். “ஏன் டீச்சர் அடியிலிருந்து தொடங்கவில்லை?” என்று கேட்காத பிள்ளை இல்லை. அந்தக் கேள்வியில்தான் பாடமே இருக்கிறது. காலை எட்டரைக்கு ஒருவர் அளந்து எழுத வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. செய்தியில் கேட்ட அந்த எண் பிள்ளைகளுக்கு வெறும் எண்ணாகவே இருந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று அளந்து காட்டினேன். பிறகு எங்கள் வகுப்பறையின் மேல்தளத்தை நாடா வைத்து அளந்தார்கள். ஆறுக்கு ஆறு, 36 சதுர மீட்டர். பெருக்கினால் 34,200 லிட்டர்! ஒரு மாணவி எழுந்து, “அப்படியானால் நம் ஊர் முழுவதற்கும் எவ்வளவு?” என்றாள். அன்றைக்குக் கணக்குப் பாடவேளை நீண்டு அடுத்த பாடவேளையையும் தின்றுவிட்டது.

பாட்டிலுக்குச் செலவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அசல் மழைமானி ஒன்று, அளவிடும் குவளை, கம்பம் நட சிமெண்ட், ஆண்டு முழுவதும் தாங்கும் கெட்டி அட்டைப் பதிவேடு: இதற்குத்தான் பணம். இதை எந்த மானியத் தலைப்பில் கேட்பது, சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
இரு தரப்பையும் படித்தேன். நான் கையெழுத்துப் போட்டுப் பழகியவன், அதனால் கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அந்த 500 ரூபாயை டீச்சர் நன்றாகச் செலவழித்திருக்கலாம். நான் பார்த்தவர்களில் பலர் மார்ச் கடைசியில் டவுனுக்குப் போய் அச்சடித்த சார்ட் வாங்கி வந்து சுவரில் மாட்டினார்கள். காந்தி, நேரு, பழங்கள், காய்கறிகள். ஜூன் மாதம் அதன்மேல் பல்லி ஓடும். பணம் சின்னது என்பதாலேயே அது நல்ல வேலைக்குப் போய்விடாது, அண்ணாச்சி.

அடுத்தது, அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973. முன் அனுமதி இல்லாமல் நிதி திரட்டவோ நன்கொடை கேட்டு வாங்கவோ கூடாது. உங்கள் சங்கத்துக்கு ஆசிரியர் எழுதும் அரைப் பக்கத்தை நாளை ஒருவர் மொட்டைக் கடிதமாக மாற்றினால் விளக்கம் எழுத வேண்டியவர் அந்த ஆசிரியர். பணத்தை ஆசிரியரிடம் கொடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு பள்ளிக்குக் கொடுங்கள். வாங்கும் பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறட்டும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவர்களுக்கும் விவரம் தெரியட்டும்.

வாகைமரம்:
தலைமையாசிரியர் ஐயா பாதி வழி என்னோடு வந்துவிட்டார். மீதி வழிக்கும் கூப்பிடுகிறேன்.

அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும் என்கிறீர்களே, யார் எழுதுவார்கள்? பாளையங்கோட்டையிலோ டவுனிலோ பத்து ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவருக்கு ஓய்வுப் பாடவேளை கிடைக்கும், அழகாக எழுதுவார். மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்கிறார். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றவே அவருக்கு நேரம் போதவில்லை. தேவை அதிகம் இருக்கும் இடத்திலிருந்து கடிதம் வராது. நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு நன்றாகக் கிடைக்கும். இதற்குப் பெயர் ஊக்கமா? போட்டி வைத்துத்தான் ஒரு குழந்தைக்கு மழைமானி கிடைக்க வேண்டுமா?

கடைசியில் புகைப்படம். பிள்ளைகள் வரிசையில் நிற்க, பெரிய அட்டைக் காசோலையை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கோரைப்பாய்:
நான் பத்தமடை. எங்கள் வீட்டில் பாட்டி, அம்மா, பெரியம்மா எல்லோரும் நெய்தவர்கள். அரசியலை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். பாயைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கடிதம் எழுதியவர் தறிக்கு அருகில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று தெரிகிறது.

ஆற்றங்கரையில் அறுத்த கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கீறிக் காய வைக்க வேண்டும். பட்டுப்பாய்க்கு என்றால் ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப் போட்டு, மறுபடி உலர்த்தி, நூல் போலக் கிழித்துச் சாயம் ஏற்ற வேண்டும். தரையோடு தரையாக இருக்கும் தறியில் பருத்திப் பாவு, அதாவது நீளவாக்கு நூல், இழுத்துக் கட்டி, நீளக் குச்சியின் நுனியில் கோரையைக் கோத்து ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வதற்குப் பாவு இழையை எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போகும். நாற்பது பிள்ளைகளை இரண்டு பாடவேளையில் நெய்ய வைப்பதாக எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆனால் கணக்கு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இடக்கரையில் எத்தனை இழை விட்டுப் பூ தொடங்குகிறதோ அத்தனை இழை வலக்கரையிலும் விட வேண்டும். ஒன்று பிசகினால் பாயை மடிக்கும்போது கரையும் கரையும் பொருந்தாது. எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, இந்தக் கணக்கில் அவரைத் தோற்கடிக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பாயைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள், இழையை எண்ணச் சொல்லுங்கள், கட்டம் போட்ட தாளில் வரையச் சொல்லுங்கள். அது போதும்.

ஒன்று கேட்கிறேன். அந்த 5,000 ரூபாயில் நெசவு செய்யும் பெண்ணுக்கு எவ்வளவு? வகுப்புக்கு வந்து ஒரு நாள் காட்டினால் அவருக்கு அன்றைய வருமானம் போகும். சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி வந்த சால்வைகள் இருக்கின்றன, நெய்த கூலி இல்லை.

கடல் தாண்டிய நெல்லையான்:
அமெரிக்காவில் இருக்கிறேன், இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஆசிரியர் தன் வகுப்புக்குத் தேவையானதை எழுதிப் போட, முகம் தெரியாதவர்கள் பணம் கொடுக்கும் இணையதளங்கள் உண்டு. அதில் பெரியது டோனர்ஸ்சூஸ். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000ஆம் ஆண்டில் தொடங்கினார். ஆசிரியர் கையில் பணம் கொடுப்பதில்லை, கேட்ட பொருளை வாங்கிப் பள்ளிக்கே அனுப்பிவிடுகிறார்கள். தலைமையாசிரியர் ஐயா சொன்ன சிக்கலுக்கு அது ஒரு விடை. ஊர்தோறும் இருக்கும் கல்வி அறக்கட்டளைகளும் இப்படிச் சிறு மானியம் தருகின்றன.

வாகைமரம் சாருக்கும் இதில் ஒரு சான்று இருக்கிறது. ரோபோவும் தோட்டமும் கேட்டு எழுதும் அதே தளத்தில் பென்சிலும் தாளும் கேட்டும் எழுதுகிறார்கள், பணக்கார நாட்டில். ஆசிரியர் தன் கைக்காசைச் செலவழிப்பார் என்று வரிச் சட்டமே எதிர்பார்க்கிறது, ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

வாகைமரம்:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். புதுமை என்று தொடங்குவது பென்சிலில் வந்து முடியும்.

கரும்பலகை டீச்சர்:
பென்சில் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. பள்ளி மானியத்தில் வர வேண்டியதை இதில் கேட்கக் கூடாது. 2,152 கோடிக்காக நாங்கள் ஆசிரியர் சங்கத்தில் கோஷம் போட்டவர்கள்தான், வாகைமரம் சார். கோஷம் போட்ட கையோடு மறுநாள் காலை எட்டரைக்கு மழையையும் அளக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

ஆனால் ஈராசிரியர் பள்ளி பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. அங்கே கடிதம் கேட்காதீர்கள். முன்னாள் மாணவர் சங்கத்தில் ஒருவர் நேரில் போய்ப் பேசி எழுதிக்கொண்டு வரட்டும். பத்தில் நான்கு இடம் அந்தப் பள்ளிகளுக்கு என்று ஒதுக்குங்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
பொருளை வாங்கி அனுப்பும் முறை அமெரிக்காவுக்குச் சரி. இங்கே களிமண் வேண்டும் என்றால் காருகுறிச்சியில் குயவரிடம் வாங்குவீர்கள். பின்னம் நடத்த மரச் சொப்பு வேண்டும் என்றால் அம்பாசமுத்திரத்தில் கடைசல்காரரிடம் வாங்குவீர்கள். பலரிடம் ஜிஎஸ்டி பில் இருக்காது. பில் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஆசிரியர் மறுபடியும் டவுன் ஸ்டேஷனரிக் கடைக்கே போவார், காந்தி, நேரு சார்ட்டே வரும். கைச்சீட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, மேலாண்மைக் குழுவில் ஒருவர் சாட்சி போட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். அரசுப் பணத்துக்கு இது நடக்காது. உங்கள் பணத்துக்கு நடக்கும், உங்கள் பணத்தில் இருக்கும் ஒரே பெரிய வசதி அதுதான்.

கோரைப்பாய்:
கூலிக்கும் அதே கைச்சீட்டா?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
அதே கைச்சீட்டுதான், அம்மா. மொத்தத்தில் பாதி வரை கூலியாகப் போகலாம் என்று எழுதி வைத்துவிட்டால் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

வாகைமரம்:
என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது, ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். பணம் வாங்கும் ஒவ்வொரு பள்ளியும் அந்த ஆண்டு அரசு மானியம் எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்று எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். உங்கள் ஐயாயிரம் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். எது யார் கடமை என்று ஊர் பார்க்கட்டும்.

பொருநைக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு செயற்குழுவில் படித்துக் காட்டினேன். பணம் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போகும். நான்கு இடம் ஈராசிரியர் பள்ளிகளுக்கு. கைச்சீட்டு செல்லும், பாதி வரை கூலி. பென்சில், சாக்பீஸ் கேட்டால் கிடையாது. பாய்க் கடிதத்தை எழுதியவரிடம் பத்தமடைக்குப் போய்விட்டு வந்து மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறோம். வாகைமரம் சாரின் பலகைக்கு மட்டும் இன்னும் ஒப்புதல் வரவில்லை, தலைமையாசிரியர்கள் சங்கடப்படுவார்கள் என்கிறார்கள்.

புகைப்படம், ஃபிளெக்ஸ், அட்டைக் காசோலை மூன்றும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். போட்டதும் நன்கொடை தருவதாகச் சொல்லியிருந்த இருவர் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்கள். பத்து பேருக்கு என்றது இப்போதைக்கு எட்டு.

வாகைமரம்:
அந்த நான்கு இடத்தில் கை வைக்காதீர்கள். குறைப்பதானால் டவுன் பள்ளிகளில் குறையுங்கள்.