பெற்றோரின் கைபேசி எண் யாரிடம் இருக்க வேண்டும்?

கேள்வி – தேயிலைச்சரிவு, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி அருகே அப்பாவும் அம்மாவும் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். நான் கோவையில் பணிபுரிகிறேன். பள்ளியில் படிக்கும் அண்ணன் மகள் அவர்களுடன் இருக்கிறாள். அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் என்பது பேசுவதற்கும், பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் அறிவிக்கும் மாத விலையை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகக் கேட்பதற்கும் உரியது. எனக்கு வங்கி, மின்கட்டணம், அலுவலகம் அனைத்தும் அதில்தான். அண்ணன் மகளுக்குப் பாடம்கூடக் காணொளியாகத்தான் வருகிறது.

அப்பாவின் ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை மூன்றிலும் என் எண்தான் பதிவாகியிருக்கிறது. அம்மா ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கினால் குறுஞ்செய்தி கோவையில் இருக்கும் எனக்கு வருகிறது. விவசாயிகளுக்கான பி.எம். கிசான் உதவித்தொகையின் கே.ஒய்.சி.க்கு (அடையாளச் சரிபார்ப்புக்கு) ஓ.டி.பி. கேட்டால், நான் அலுவலகக் கூட்டம் முடிந்து பேசும்வரை அப்பா இ-சேவை மையத்திலேயே காத்திருக்க வேண்டியிருக்கிறது. கைரேகை வைக்கலாமென்றால், காலமெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. எண்ணை அவருடையதாகவே மாற்றிவிடலாமா? மாற்றினால், முதலில் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

பதில் 1 – மலைரயில், அருவங்காடு

எழுபதைக் கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயங்காமல் மாற்றிவிடுங்கள். தன் பணம் வந்ததா என்பதைப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை எங்களுக்கு உள்ளூர வருத்தம் தருவது. வெளியில் சொல்ல மாட்டோம்.

நான் கார்டைட் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க முன்பெல்லாம் வங்கிக்கு நேரில் செல்வோம். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மழைக்கு மண் சரிகின்ற காலமும் அதுதான். இப்போது ஜீவன் பிரமான் செயலியில் முகத்தைக் காட்டினால் வீட்டிலிருந்தபடியே வேலை முடிந்துவிடுகிறது. பி.எம். கிசான் செயலியிலும் முக அடையாள வசதி இருப்பதால், விரல் தேய்ந்த தங்கள் அப்பாவுக்கு ஓ.டி.பி.யும் தேவைப்படாது, கைரேகையும் தேவைப்படாது.

என் வயதினர் திரையைத் தொட்டவுடன் விரலை எடுப்பதில்லை; அழைப்பு மணியை அழுத்துவதுபோல் அழுத்திப் பிடிக்கிறோம். உடனே செயலியின் சின்னம் இடம் மாறுகிறது, சில நேரம் முகப்பிலிருந்தே போய்விடுகிறது, போன் கெட்டுவிட்டதென்று பயந்து எடுத்து வைத்துவிடுகிறோம். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குச் சென்று, தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டி, எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்தால் பாதி பயம் தீர்ந்துவிடும். பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் போனை வாங்கி நொடியில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை நடந்துவிடுகிறது; நாங்கள்தான் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

பதில் 2 – குந்தா ஆசிரியர், மஞ்சூர்

எண்ணை மாற்றுவதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்த சிம்மை ஸ்மார்ட்போனில் போடாமல் பட்டன் போனில் போடுமாறு பரிந்துரைக்கிறேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தபோது, எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் ஸ்மார்ட்போன் மறுநாளே அணைந்துவிடும். பட்டன் போன் பல நாள் தாங்கும். ஓ.டி.பி. குறுஞ்செய்திக்கு இணையம் தேவையில்லை. பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பும் யு.பி.ஐ. 123பே வசதியும் 2022 மார்ச் முதல் இருக்கிறது. வாட்ஸ்அப் வேறொரு சிம்மில் இருக்கட்டும். ஏமாற்று இணைப்பு குறுஞ்செய்தியாக வந்தாலும் இணைய வசதியில்லாத பட்டன் போனில் அதைத் திறக்க வழியில்லை என்பது கூடுதல் பாதுகாப்பு.

பதில் 3 – முதுமலைச்சாரல், கூடலூர்

நான் கல்லூரி மாணவி. மூத்தவர்களே ஏமாறுவார்கள் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற போலிச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அதிலிருந்த எண்ணுக்கு அழைக்கப் போனவர் நாள் முழுவதும் போன் பயன்படுத்தும் என் அம்மா; பாட்டிதான் அவரைத் தடுத்தார். கட்டணம் கட்டிய ரசீது கையில் இருக்கும்போது எதற்காகத் துண்டிப்பார்கள் என்று அவர் கேட்டது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் வயதினருக்கு விரல் வேகம் உண்டு. நின்று யோசிக்கும் பழக்கம் குறைவு.

அப்பாவுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்: யு.பி.ஐ. பின் எண் நம் பணத்தை அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் பெறுவதற்கு அதை யார் கேட்டாலும் அது மோசடியே. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் மீளும் வாய்ப்பைக் குறைக்கிறது.

கேள்வி கேட்டவர் – தேயிலைச்சரிவு

அருவங்காடு ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பாவை ஆதார் மையத்துக்கும் வங்கிக்கும் அழைத்துச் சென்று எண்ணை மாற்றிவிடுகிறேன். அம்மாவின் பழைய பட்டன் போன் நல்ல நிலையில் இருப்பதால் வங்கி சிம் அதற்கே போகும். பி.எம். கிசான் முக அடையாளத்திலிருந்து தொடங்குகிறோம்; அண்ணன் மகள் பக்கத்தில் அமர்ந்து வழி சொல்லலாம், ஆனால் போனைக் கையில் வாங்கக் கூடாது என்று அவளிடம் இன்றே பேசிவிட்டேன்.