எப்பாக்ஸி மேல டியூப்லைட் கோடு விழுது, தூண்டில் கம்பைப் படம் எடுக்க வழி சொல்லுங்க

குளச்சல்:
7 அடி கார்பன் கம்பு. கைடு (தூண்டில் நரம்பு ஓடுற வளையம்) கட்டின நூல்மேல எப்பாக்ஸி (ரெண்டு பாகம் கலந்து பூசுற பிசின்) பூசி நல்லா காஞ்சாச்சு. வீட்டுப் பட்டறையில போன்ல எடுத்தா நூல்மேல வெள்ளைக் கோடு, சிவப்பு நிறம் வெளிறிப் போகுது. முழுக் கம்பும் வந்தா நூல் வேலை தெரியல. ஃபிளாஷ் போட்டா இன்னும் மோசம்.

தக்கலை:
ஃபிளாஷ், டியூப்லைட் ரெண்டையும் அணையும் மக்கா. எப்பாக்ஸி கண்ணாடி மாதிரி. நீரு பாக்கிற கோடு டியூப்லைட்டோட பிம்பம்தான். வெளிச்சம் வர்ற பரப்பு பெருசானா அது மென்மையான பட்டையாகும். ஜன்னல்ல வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டும், கரையை மடிச்சு ஒதுக்கும். இல்லன்னா கரை நிறமும் எப்பாக்ஸியில தெரியும். கம்பை ஒன்றரை அடி தள்ளி, ஜன்னலுக்கு இணையா வையும். தூரம் கூடினா கோடு திரும்ப மெலிஞ்சு கூர்மையாகும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் நிறுத்தினாத்தான் கறுப்புக் கம்போட விளிம்பு பிரிஞ்சு தெரியும். அடியில சாம்பல் நிறச் சார்ட், பளபளப்பு இல்லாதது. வெள்ளை விரிச்சா போன் வெளிச்சத்தைக் குறைச்சு கம்பைக் கரியாக்கிடும்.

குளச்சல்:
வெளிச்சம் பத்தலண்ணே. டியூப்லைட்டும் சேத்துப் போடலாமா?

தக்கலை:
கூடாது. ரெண்டு வெளிச்சத்துக்கும் நிறம் வேற, ஒண்ணைச் சரிசெஞ்சா மத்தது கெடும். போனை முக்காலியில (ட்ரைபாட்) மாட்டி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, 2 நொடி டைமர் வச்சு ஷட்டர் நேரத்தைக் கூட்டும். ராத்திரி எல்இடி மட்டும்னா ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், வேற வேகத்துல பட்டை பட்டையா விழ வாய்ப்பு உண்டு.

முட்டம்:
நூல் தெரியாததுக்குக் கணக்கு இருக்கு. படத்தோட அகலம் சுமார் 4000 பிக்சல். 7 அடின்னா 2134 மி.மீ. ஒரு பிக்சலுக்கு அரை மி.மீ.க்கும் மேல. நூல் இழை அதைவிட மெல்லிசு, எங்க தெரியும்? முழுக் கம்புக்கு ஒரு படம், கைப்பிடி, ரீல் சீட் (ரீலை மாட்டுற இடம்), முதல் கைடு, நுனிக்குத் தனித்தனியா. கிட்ட போனா சில போன் தானா வைட் லென்ஸுக்கு மாறி கம்பை வளைச்சுக் காட்டும். அந்தத் தானியங்கி மேக்ரோவை (கிட்டப் படம் எடுக்கிற வசதி) நிறுத்திட்டு, தள்ளி நின்னு 2 மடங்கு ஜூம்ல எடுங்க. போலரைசர் (லென்ஸ் முன்னால மாட்டுற ஃபில்டர்) எப்பாக்ஸி மினுக்கத்தைக் குறைக்கும், அதுவும் சாய்வாப் பாத்து எடுத்தா. கைடோட ஸ்டீல்ல வேலைக்காகாது.

குளச்சல்:
வேட்டி கட்டினதும் கோடு போச்சு. இப்ப நூல்மேல பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி.

முட்டம்:
மைக்ரோஃபைபர் துணியால துடைங்க. போனா தூசி. போகலன்னா எப்பாக்ஸிக்குள்ள காத்துக் குமிழி, அதுக்கு கேமரா பக்கம் மருந்து இல்ல. அடுத்த கம்புக்கு எப்பாக்ஸியோட ரெண்டு பாகத்தையும் மெதுவா, குச்சியைத் தூக்காம கலக்குங்க.