டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு அல்சர்: கிருமி மருந்தை இன்றே தொடங்கலாமா?

தென்காசிப் பொண்ணு:
அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரையால் கிட்னி போய், வாரம் 2 தடவை டயாலிசிஸ். ரத்தம் ஊற ஊசி போட்டும் ஹீமோகுளோபின் 9.8-லிருந்து 7.6-க்கு இறங்கிவிட்டது. எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் தொடக்கத்தில் புண். சதை எடுத்துப் பார்த்து, ஹெச். பைலோரி கிருமி இருக்கிறது என்றார்கள். எண்டோஸ்கோப்பி டாக்டர் 14 நாளைக்கு கிட் (சேர்த்துப் போடும் மருந்துப் பொட்டலம்) எழுதியிருக்கிறார்: கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின், பான்டோப்ரசோல். டயாலிசிஸ் ஃபைலை அந்த டாக்டர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிட்னி டாக்டர் திங்கள்தான் வருவார். மலம் கொஞ்சம் கருப்பாகப் போகிறது, இரும்புச்சத்து கொடுப்பதால் இருக்கும் என்கிறார் அம்மா. அதோடு, எல்லாவற்றுக்கும் காரக்குழம்புதான் காரணமாம்.

டயாலிசிஸ் டெக்னீஷியன், மதுரை:
காரக்குழம்பை விடுங்கம்மா. அல்சரை உண்டாக்கும் இந்தக் கிருமியை 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் வளர்த்துக் காட்டினார்கள். மார்ஷல் அதைக் குடித்தே பார்த்தார், இரைப்பை வீங்கியது. 2005-ல் நோபல் பரிசு. நம்ம ஊரில் இன்னும் மிளகாய்தான் குற்றவாளி.

மருந்து சரியான மருந்துதான், அளவுதான் கேள்வி. கிட் எல்லாருக்கும் ஒரே அளவில் வரும். கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு கிளாரித்ரோமைசினைப் பாதியாக்குவார்கள். அமாக்சிசிலினையும் குறைப்பார்கள், அது டயாலிசிஸில் வெளியே போய்விடும் என்பதால் டயாலிசிஸ் நாளில் முடிந்த பிறகு கொடுப்பார்கள். அப்பா கொழுப்புக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுக்கிறாரா? அட்டோர்வாஸ்டாடின், அம்லோடிபின் இரண்டும் கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவு ஏறும். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மெடிக்கலில் கிடைக்கும் அல்சர் டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அலுமினியமும் மெக்னீசியமும்தான், கிட்னி போனவர் உடம்பில் தங்கிவிடும். பிஸ்மத் மாத்திரையும் அப்படியே. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஏதாவது போடுகிறாரா என்றும் பாருங்கள்.

சரி, முக்கியமான விஷயம். இரும்புச்சத்து மாத்திரையா, ஊசியா?

மாற்றுக் கிட்னிக்காரன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கிட்னி மாற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால், மாற்றிய கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் எடுக்கும்போது கிளாரித்ரோமைசினைக் கேட்காமல் தொடாதீர்கள். எனக்கு டாக்ரோ அளவு எகிறி கைநடுக்கம் வந்தது.

தென்காசிப் பொண்ணு:
அட்டோர்வாஸ்டாடின் எடுக்கிறார், அண்ணா. இரும்பு மாத்திரை கிடையாது. டயாலிசிஸ் நடக்கும்போது ஊசியாகத்தான் ஏற்றுகிறார்கள்.

டயாலிசிஸ் டெக்னீஷியன், மதுரை:
நரம்பில் ஏற்றும் இரும்பு மலத்தைக் கருப்பாக்காது. தார் மாதிரி பிசுபிசுவென்று, மோசமான நாற்றத்தோடு போகிறதா?

தென்காசிப் பொண்ணு:
ஆமாம். கழுவினாலும் கோப்பையில் ஒட்டுகிறது. காலையில் எழுந்ததும் தலைசுற்றல் என்றார்.

டயாலிசிஸ் டெக்னீஷியன், மதுரை:
அது ரத்தம்மா. திங்கள் வரை வேண்டாம், இப்போதே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். அடுத்த டயாலிசிஸை ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து) இல்லாமல் செய்யச் சொல்லி யூனிட்டுக்கும் போன் போடுங்கள், வழக்கமான ஹெப்பாரின் போனால் கசிவு கூடிவிடும். கிட் கையில் இருக்கட்டும், அதை அங்கே முடிவு செய்வார்கள்.

தென்காசிப் பொண்ணு:
ஆட்டோ வந்துவிட்டது அண்ணா. மாத்திரைக் கவரை எடுத்துக்கொண்டேன்.